எட்டு நானோமீட்டர் படிக்கட்டு: செல் உயிரியல் செமினாரில் என்னதான் நடக்கிறது?

திரையில் ஒரு வரைபடம். கிடையச்சில் நேரம், நொடிக்கணக்கில். நெடுக்கச்சில் தூரம், நானோமீட்டரில். சாம்பல் நிறக் கோடு ஒன்று நடுங்கிக்கொண்டே மேலேறுகிறது. அந்த நடுக்கத்தின் ஊடே வரையப்பட்ட கறுப்புக்கோடு மட்டும் சீரான படிக்கட்டாக இருக்கிறது. எந்தப் படியை அளந்தாலும் உயரம் ஒன்றுதான்: 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 1,25,000 துண்டாக நறுக்கினால் கிடைக்கும் ஒரு துண்டு.

பேசுபவர் அந்தப் படத்தை ஒரு நிமிடம் காட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அரங்கில் புதிதாக உட்கார்ந்திருக்கும் முதலாண்டு ஆய்வுமாணவருக்கு அது இன்னொரு வரைபடம், அவ்வளவே. ஆனால் செல் உயிரியலும் உயிர் இயற்பியலும் சந்திக்கும் செமினார்களில் அந்த மாதிரி ஒரு படத்தைச் சுற்றித்தான் பாதி வாதம் நடக்கும். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணிநேரம், வெளியூர் ஆய்வாளர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போவது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சோதனையின் இரண்டாம் பாதி நடக்கும் இடம் அந்த அரங்குதான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல அந்தப் படிக்கட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

படிக்கட்டில் ஏறுவது கைனசின் என்ற புரதம். செல்லுக்குள் சுமைதூக்கி; இந்த வகையை மோட்டார் புரதம் என்பார்கள். ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் பொட்டலங்கள் இங்குமங்கும் ஓடுவதைப் பார்த்து, ஓட்டுவது எது என்று தேடிப்போன ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் 1985இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். நுண்குழல் என்ற நீண்ட குழாய்தான் இதன் தண்டவாளம். ட்யூபுலின் என்ற புரதச் செங்கற்களை வரிசையாக அடுக்கிக் கட்டியது அந்தக் குழாய். ஒரு செங்கல்லின் நீளம் 8 நானோமீட்டர். ஆக, கைனசின் ஒரு செங்கல்லில் இருந்து அடுத்த செங்கல்லுக்குக் கால் வைக்கிறது.

இதை அளந்து காட்டியது 1993இல், கார்ல் ஸ்வோபோடா, ஸ்டீவன் பிளாக் குழு. கருவி: ஒளியிடுக்கி. நன்றாகக் குவித்த லேசர் ஒளி, தண்ணீரில் மிதக்கும் மிகச்சிறு பிளாஸ்டிக் மணியைத் தன் குவியத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆர்தர் ஆஷ்கினும் கூட்டாளிகளும் 1986இல் செய்துகாட்டிய உத்தி இது. ஆஷ்கினுக்கு நோபல் பரிசு வந்தது 2018இல், அவருடைய 96ஆம் வயதில். மணியின் மேல் கைனசினை ஒட்டவைத்து நுண்குழலின் மேல் இறக்கினால், கைனசின் மணியை இழுத்துக்கொண்டு நடக்கும். லேசர் பின்னுக்கு இழுக்கும். ஆறு ஏழு பைக்கோநியூட்டன் (நியூட்டன் என்ற விசை அலகில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பைக்கோநியூட்டன்) வரை எதிர்ப்பு ஏறும்போது மோட்டார் நின்றுவிடும்.

இப்போது கேள்வி நேரம்.

பின்வரிசையில் இருந்து முதல் கை உயர்கிறது. "மணியை இழுப்பது ஒரே மோட்டார்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணக் கேள்வி. ஆனால் இதற்குப் பதில் இல்லாவிட்டால் மொத்தப் பேச்சும் சரிந்துவிடும். இரண்டு மோட்டார்கள் மாறிமாறி இழுத்தால் படியின் உயரத்துக்கும் பொருள் கிடையாது, நிற்கும் விசைக்கும் பொருள் கிடையாது. நுண்ணோக்கியில் மோட்டார் கண்ணுக்குத் தெரிவதில்லை, மணிதான் தெரியும். எண்ணிப் பார்க்க வழியில்லை.

பதில் இருப்பது நிகழ்தகவில். கைனசின் கரைசலை நீர்க்க நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் பெரும்பாலான மணிகள் நகரவே நகராது. நூறு மணிகளைத் தண்டவாளத்தில் வைத்தால் பத்துதான் நகர்கின்றன என்று வையுங்கள். மோட்டார்கள் கண்மூடித்தனமாக ஒட்டுகின்றன என்றால், பாய்சான் கணக்குப்படி அந்தப் பத்தில் இரண்டோ அதற்கு மேலோ மோட்டார் ஏறியிருக்கக்கூடிய மணிகளின் பங்கு 5 சதவீதம் அளவுதான். மீதி 95 சதவீதமும் ஒற்றை மோட்டார். கண்ணால் காணாமலேயே ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள். நல்ல பேச்சாளர் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, நீர்த்தல் வரைபடத்தைக் கையோடு வைத்திருப்பார், முடிவுரைக்குப் பின்னால் ஒளித்துவைத்த படங்களில். 'நன்றி' என்ற படத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை வைத்தே ஒரு ஆய்வுக்கூடத்தின் கவனத்தை எடைபோடலாம்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் மாணவர் பக்கமிருந்து வரும், கொஞ்சம் தயங்கி. ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்தறிய முடியாது என்று படித்திருக்கிறோமே, 8 எப்படித் தெரிந்தது? 1873இல் எர்ன்ஸ்ட் அபே சொன்ன எல்லை அது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண்பதற்குத்தான் அந்தத் தடை. ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக இருந்தால், அதன் ஒளி மங்கலாகப் பரவித் தெரிந்தாலும் அந்தப் பரவலின் நடுமையம் எங்கே என்று கணக்கிட முடியும். எவ்வளவு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், சேர்கின்றனவோ அவ்வளவு துல்லியம். நூறு மடங்கு அதிகம் சேர்ந்தால் பத்து மடங்கு கூர்மை. பத்தாயிரம் ஃபோட்டான் சேர்த்தால் மையம் ஒன்றிரண்டு நானோமீட்டருக்குள் பிடிபடும்.

இதே உத்தியை வைத்து 2004இல் அஹ்மத் யில்டிஸ், பால் செல்வின், வேல் உள்ளிட்டோர் ஒரு பழைய சண்டையைத் தீர்த்தார்கள். கைனசினுக்கு இரண்டு கால்கள். மனிதன் நடப்பது போல ஒரு காலைத் தாண்டி மறுகாலை வைக்கிறதா, அல்லது முன்காலை நகர்த்திப் பின்காலை இழுத்துச் சேர்க்கும் புழு நடையா? ஒரு காலில் மட்டும் ஒளிரும் சாயத்தைப் பூசினால் போதும். புழு நடையானால் அந்தக் கால் ஒவ்வொரு முறையும் 8 நானோமீட்டர் நகரும். மனித நடையானால் ஒருமுறை 16 தாண்டும், அடுத்த முறை அசையாது, மறுபடி 16. அளந்தால் கிடைத்தது 17ஐ ஒட்டிய எண்ணும், இடையிடையே அசையாத நிற்றலும். செமினாரில் இந்தப் படம் வரும்போது யாரும் விளக்க வேண்டியதில்லை. பார்த்த கணத்தில் அரங்கு முழுக்கப் புரிந்துகொள்ளும்.

மூன்றாவது கேள்வி செல் உயிரியலாளருடையது. "இதெல்லாம் கண்ணாடித் தகட்டின் மேல், சுத்தமாக்கிய புரதத்தில். உயிருள்ள செல்லுக்குள் இப்படித்தான் நடக்கிறதா?" நடக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. செல்லுக்குள் தண்டவாளத்தின் மேல் வேறு புரதங்கள் குந்தியிருக்கின்றன. ஒரே பொட்டலத்தில் பல கைனசின்கள் ஏறியிருக்கும். எதிர்த்திசையில் நடக்கும் டைனீன் மோட்டார்களும் அதே பொட்டலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். தனி மோட்டாரின் குணத்தை அறிந்தவர் கூட்டத்தின் குணத்தை அறிந்தவர் ஆகிவிடமாட்டார்.

இந்த மூன்று கேள்விகளும் ஒரே ஆய்வுக்கூடத்துக்குள் எழுவது அபூர்வம். உயிரியலாளர் பழக்கத்தில் 'எது' என்று கேட்கிறார்: எந்தப் புரதம், எந்த மரபணு, அதை நீக்கினால் என்ன கெடுகிறது? இயற்பியலாளர் 'எவ்வளவு' என்று கேட்கிறார்: எவ்வளவு விசை, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? இரண்டு பழக்கங்களும் வெவ்வேறு பயிற்சியில் ஊறியவை. அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் ஒரு மணிநேரம்தான் இந்தச் செமினார்.

'எவ்வளவு' என்ற கேள்வியின் அருமை தெரிய ஒரு கரும்பலகைக் கணக்கு. முதுகுத்தண்டருகே தொடங்கும் ஒரு நரம்புச்செல்லின் இழை கால்விரல் வரை நீள்கிறது, ஏறத்தாழ ஒரு மீட்டர். செல்லின் மையத்தில் தயாரான 100 நானோமீட்டர் விட்டமுள்ள பொட்டலம் ஒன்று விரல்நுனிக்குப் போக வேண்டும். தானாகவே அலைந்து திரிந்து, அதாவது விரவல் மூலம் போய்ச்சேர எவ்வளவு காலம் ஆகும்? ஐன்ஸ்டைனின் 1905 சமன்பாட்டைப் போட்டால், வெறும் தண்ணீரிலேயே ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். செல்லுக்குள் இருக்கும் நெரிசலில் இன்னும் அதிகம். நொடிக்கு 800 நானோமீட்டர் நடக்கும் கைனசின் தூக்கிப்போனால்? இரண்டு வாரம். மோட்டார் புரதங்கள் ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கு நான் அறிந்த மிகச் சுருக்கமான பதில் இது. ஒரு புரதத்தின் பெயரும் அதன் மரபணு எண்ணும் மட்டும் தெரிந்திருந்தால் இந்த அவசியம் புலப்படாது.

இன்னொரு எண்ணையும் பையில் போட்டுக்கொண்டு செமினாருக்குப் போகலாம்: 4. அறை வெப்பத்தில் வெப்ப ஆட்டத்தின் ஆற்றல் அளவு 4 பைக்கோநியூட்டன்-நானோமீட்டர். செல்லுக்குள் எல்லாமே இந்த அளவில் ஓயாமல் குலுங்கிக்கொண்டிருக்கிறது. கைனசின் 6 பைக்கோநியூட்டன் எதிர்ப்புக்கு எதிராக 8 நானோமீட்டர் வைத்தால் செய்யும் வேலை 48. குலுக்கலைப்போல 12 மடங்கு. ஒரு அடிக்கு அது எரிப்பது ஒரு ஏடிபி, செல்லின் எரிபொருள் மூலக்கூறு. செல்லில் அதிலிருந்து கிடைப்பது 80 முதல் 100 வரை. சுமை உச்சத்தில் இருக்கும்போது பாதியளவு வேலையாக மாறுகிறது. பேச்சாளர் யாராவது ஏதோ ஒரு புரதம் ஒரு அடிக்கு 300 அலகு வேலை செய்கிறது என்று சொன்னால், அந்தப் புரதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூடக் கையை உயர்த்தலாம்: மூன்று ஏடிபியாவது எரிய வேண்டுமே, எரிகிறதா?

திரையில் கண்ட சாம்பல் நடுக்கமும் இதே எண்ணின் வேலைதான். லேசர் பிடியில் இருக்கும் மணி சும்மா இருக்கும்போதே எட்டுப் பத்து நானோமீட்டர் ஆடக்கூடும். படியின் உயரத்துக்குச் சமமான ஆட்டம். மோட்டார் இழுக்க இழுக்க இணைப்பு விறைத்து ஆட்டம் அடங்குகிறது. அதனால்தான் படிகள் வரைபடத்தின் மேல்பகுதியில் தெளிவாகவும் அடிப்பகுதியில் கலங்கலாகவும் தெரிகின்றன. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தக் கலங்கலே நம்பிக்கை தரும். அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

செமினார் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் நாற்றங்காலைக் குறிப்பது. நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் இடம். அறிவியலில் அந்தப் பெயருக்குப் பொருத்தமாக முதலில் நடந்தவற்றில் ஒன்று கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் நோய்மனும் கார்ல் யாகோபியும் 1834இல் தொடங்கிய கணித-இயற்பியல் செமினார். நோய்மன் அங்கே மாணவர்களைக் கேட்டுக்கொண்டிருக்க மட்டும் விடவில்லை. அளக்கவைத்தார், அளவின் பிழையைக் கணக்கிடவைத்தார். இன்றைய கேள்வி நேரத்தின் உயிர்நாடி அன்றே அங்கே இருந்தது.

இயற்பியலாளர்கள் உயிரியல் பக்கம் வந்த கதையிலும் மேடைப் பேச்சுக்கு இடம் உண்டு. எர்வின் ஷ்ரோடிங்கர் 1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பொதுமக்களுக்காகப் பேசிய பேச்சுகள் மறு ஆண்டு நூலாகி, ஒரு தலைமுறை இயற்பியலாளர்களை மரபணுப் பக்கம் திருப்பின. எனக்கு இதைவிட நெருக்கமானது எட்வர்ட் பர்செல் 1976இல் பேசிய பேச்சு, மறு ஆண்டு அச்சில் வந்தது. அணுக்கருவின் காந்த ஒத்திசைவுக்காக 1952இலேயே நோபல் பெற்றவர், பாக்டீரியா எப்படி நீந்துகிறது என்று பேசினார். அந்த அளவில் தண்ணீரின் பிசுபிசுப்புதான் எல்லாம், நிலைமத்துக்கு வேலையே இல்லை. நீந்தும் பாக்டீரியா உந்துவதை நிறுத்தினால் சறுக்கிக்கொண்டு போகும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. சிப்பி போல வாயைத் திறந்து மூடி நீந்தலாம் என்றால் நடக்காது. திறக்கும்போது போன தூரத்தை மூடும்போது திரும்பி வந்துவிடும். ஆகவேதான் திருகாணி போலச் சுழலும் கசையிழை. சமன்பாடு அதிகம் இல்லாத அந்தப் பேச்சைப் படித்துவிட்டு நுண்ணுயிர் நீச்சலுக்குள் இறங்கியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சமீப காலத்தில் அரங்குகளைச் சூடாக்கிய விஷயம் துளிகள். 2009இல் கிளிஃபோர்ட் பிராங்வின், ஆன்டனி ஹைமன், ஃபிராங்க் யூலிஷர் ஆகியோரும் கூட்டாளிகளும் ஒரு சிறு புழுவின் கருவில் இருக்கும் பி-குருணைகள் என்ற புரத-ஆர்என்ஏ திரட்டுகள் திடப்பொருள் அல்ல, திரவத்துளிகள் என்று காட்டினார்கள். இரண்டு துளி தொட்டால் ஒன்றாகிவிடும். செல்கருவின் மேல் படிந்தால் வழிந்து சொட்டும். பாகுத்தன்மை தண்ணீரைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. சவ்வே இல்லாமல் செல் தனக்குள் அறைகள் கட்டிக்கொள்ள முடியும் என்ற எண்ணம் அதிலிருந்து வேகமாகப் பரவியது. உயிரியலாளர்களும் இயற்பியலாளர்களும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் மகிழ்ந்த தருணங்களில் இது ஒன்று.

பரவியது கொஞ்சம் அளவுக்கு மீறியும்தான். ஒளிரும் புள்ளி எங்கே தெரிந்தாலும் துளி என்று பெயர் வைக்கும் காலம் வந்தது. அதைத் தட்டிக்கேட்டவை பெரும்பாலும் கேள்வி நேரங்கள். புரதத்தை இயல்பைவிடப் பல மடங்கு பெருக்கி வைத்துவிட்டுப் புள்ளி தெரிகிறது என்கிறீர்களே, இயல்பான அளவில் தெரிகிறதா? ஒளிர்வை லேசரால் அழித்துவிட்டு அது மீளும் வேகத்தைக் காட்டி திரவம் என்கிறீர்களே. ஓரிடத்தில் ஒட்டி விலகி ஒட்டும் புரதமும் அதே வேகத்தில் மீளுமே? ஹெக்சேன்டயால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்தால் புள்ளி கரைகிறது என்கிறீர்களே. அது செல்சவ்வையும் நொதிகளையும்கூடக் கெடுக்கிறதே? இயற்பியல் பக்கமிருந்து இன்னொன்று வரும்: துளி பிரியும் என்றால் அதற்கு ஒரு வாசல் அடர்த்தி இருக்க வேண்டும், அந்த அளவைத் தாண்டி எவ்வளவு சேர்த்தாலும் துளிக்கு வெளியே உள்ள அடர்த்தி மாறக்கூடாது. அளந்தீர்களா? உண்மையான செல்லில் ஒரு புரதம் மட்டும் இல்லையே, பல சேர்ந்து பிரியும்போது அந்த எளிய விதி வளைந்துவிடுகிறதே என்று பக்கத்து இருக்கையில் இருந்து மறுப்பு வரும். பேச்சாளர் ஊர் திரும்பும்போது செய்ய வேண்டிய மூன்று சோதனைகளின் பட்டியல் அவர் நோட்டில் இருக்கும். அச்சாகி வந்த கட்டுரையில் இந்தச் சண்டையின் தடம் ஒன்றிரண்டு துணைப்படங்களாக மட்டும் தெரியும்.

காட்டப்படுவதில் பாதி இன்னும் அச்சேறாத தரவு என்பதையும் மறந்துவிடக்கூடாது. திரையைப் படமெடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது அதனால்தான். நம்பிக் காட்டுகிறார்கள், அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்தவர் பழைய தரவை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: எல்லாம் புரிய வேண்டும் என்று உட்காராதீர்கள். அச்சுகளைப் பாருங்கள், அளவுகோட்டைப் பாருங்கள், பிழைக்கோடு எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். 200 செல் எண்ணினோம் என்றால், அவை எத்தனை தனித்தனிச் சோதனைகளில் இருந்து வந்தவை என்று கேளுங்கள். மூன்று தட்டில் வளர்ந்த 200 செல் என்றால் உங்கள் எண்ணிக்கை 3, 200 அல்ல. இந்த ஒரு தவறு இன்றும் நல்ல ஆய்வுக்கூடங்களின் படங்களிலேயே எட்டிப்பார்க்கிறது.

யார் கேட்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தரும் விஷயம். 10 நாடுகளில் ஏறத்தாழ 250 துறைச் செமினார்களை உட்கார்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு கேள்வியை ஆண் கேட்கும் வாய்ப்பு பெண் கேட்பதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் என்று அது கண்டது. அரங்கில் பெண்கள் எத்தனை பேர் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் இடைவெளி இருந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்டால் அதன்பின் பெண்கள் கேட்பது இன்னும் குறைந்தது. கேள்விதான் சோதனையின் இரண்டாம் பாதி என்றால், அந்தப் பாதியில் பலர் வாய் திறக்காமல் எழுந்துபோவது மரியாதைக் குறைவோடு நிற்கும் விஷயம் அல்ல. தவறுகள் பிடிபடாமல் போகின்றன. முதல் கேள்வியை மாணவருக்கு ஒதுக்கும் துறைகள் செய்வது சரியான காரியம். 2020க்குப் பிறகு இணையவழிக்கு வந்த செமினார்களில், தட்டச்சு செய்து கேட்கும் வசதி கூச்சமுள்ளவர்களுக்கு உதவியது. ஆனால் பேச்சு முடிந்து கரும்பலகையருகே நாலு பேர் நின்று கணக்குப்போடும் அந்த இருபது நிமிடம் திரையில் கிடைக்கவில்லை.

மறுபடி அந்தப் படிக்கட்டு. உற்றுப் பார்த்தால், உச்சிக்கு அருகே ஒரு படி கீழே இறங்குவது தெரியும். பேச்சாளர் அதைத் தாண்டிப் போயிருப்பார். சாண் ஏற முழம் சறுக்கும் கதையல்ல இது. ஏறியது எவ்வளவோ அவ்வளவே இறக்கம், அதே 8 நானோமீட்டர். சுமை கூடக்கூட இறக்கங்கள் அதிகரிக்கின்றன. ஏழு பைக்கோநியூட்டன் அளவில் ஏற்றமும் இறக்கமும் சமமாகின்றன, அதைத்தான் மோட்டார் நிற்கிறது என்கிறோம். நிக்கோலஸ் கார்ட்டரும் ராபர்ட் கிராஸும் 2005இல் இதை விரிவாக அளந்தார்கள். பின்னோக்கிய இறக்கமும் ஏடிபியைச் சார்ந்ததே என்றார்கள். பிறகு வந்த வேலைகள், அது நடையே அல்ல, பிடி நழுவிப் பின்னால் போய் அடுத்த செங்கல்லில் மறுபடி பிடித்துக்கொள்வது என்ற பக்கம் சாய்கின்றன.

முதலாண்டு மாணவர் கையை உயர்த்துகிறார். "அந்த ஒரு படி கீழே போகிறதே, அது அடியா, சறுக்கலா?"

பேச்சாளர் படங்களைப் பின்னோக்கித் தள்ளி, படிக்கட்டை மறுபடி திரையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.